பழைய ரைஃபிளின் மரக்கட்டையைப் பாலிஷ் போடக் கொடுக்கப் போகிறீர்களா?

பழைய ரைஃபிள் வைத்திருப்பவர்கள் அதன் மரக்கட்டையைப் புதுப்பிக்க வெளியே கொடுப்பதாக இருந்தால், கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். 'முழுக்கக் கைவேலை, அசல் டங் ஆயில் பாலிஷ்' என்று சொல்லி வாங்கிய ஒரு பட்டறை, என் ரைஃபிளின் கட்டையைக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் ஊறவைத்து, மெஷினில் தேய்த்து, அவர்களே உண்டாக்கிய விரிசலை மக்கு வைத்து அடைத்து, மேலே பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை வார்னிஷை அடித்துக் கொடுத்தது. கூலி மட்டும் கைவேலைக்கான கூலி. உரிமம் பெற்ற பட்டறைதான், விளம்பரமும் உண்டு, பேச்சு தேன் மாதிரி. பெயரை எழுதப் போவதில்லை. அடையாளங்களை எழுதுகிறேன், எந்தப் பட்டறையாக இருந்தாலும் அவற்றை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

என்னுடையது லீ என்ஃபீல்ட் நம்பர் 1 மார்க் 3, 1907இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்த மாடல். வால்நட் மரம். கட்டை ஒரே துண்டு அல்ல: தோளில் வைக்கும் பின்கட்டை தனி, குழலைத் தாங்கும் முன்கட்டை தனி, குழலின் மேலே மூடும் மரங்கள் தனி. கொடுக்கும்போது பெரிய குறை எதுவும் கிடையாது. பல வருட எண்ணெயும் அழுக்கும் ஏறிக் கறுத்திருந்தது, அங்கங்கே சின்ன அமுக்குப் பள்ளங்கள், பிடிக்கும் இடத்தில் மட்டும் மரம் வறண்டிருந்தது. விரிசல் இல்லை. எல்லாப் பக்கமும் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்திருந்தேன், உள்பக்கம் உட்பட. பின்னால் அந்தப் படங்கள்தான் கைகொடுத்தன.

திரும்பி வந்தபோது கண்ணாடி போலப் பளபளத்தது. விவரம் தெரியாதவர்கள் கைதட்டுவார்கள். லீ என்ஃபீல்ட் கட்டைகள் ஒருநாளும் அப்படி மின்னியதில்லை. ராணுவத்தில் அவற்றுக்குப் போட்டது ஆளிவிதை எண்ணெய், அதாவது லின்சீட் ஆயில். அது மரத்துக்குள் இறங்கிக் காயும், மேலே படலமாக நிற்காது. பார்வைக்கு மங்கலான ஒரு மினுமினுப்புதான் இருக்கும். மின்னுகிறது என்றால் மேலே ஏதோ ஒரு படலம் உட்கார்ந்திருக்கிறது. சந்தேகம் அங்கேதான் பிடித்தது.

முதலில் விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன். பின்கட்டையின் முனையில் பித்தளைத் தகடு ஒன்று உண்டு. கட்டை செய்கிறவர்கள் மரத்தை உலோகத்தைவிட ஒரு மயிரிழை உயரமாகவே விடுவார்கள். காலப்போக்கில் தேய்ந்தாலும் இரண்டும் சமமாக நிற்கும். என் கட்டையில் பித்தளை விளிம்பு மரத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நகத்தில் இடறியது. பித்தளை வளராது, மரம்தான் குறைந்திருக்கிறது. கட்டையும் உலோகமும் சந்திக்கும் மற்ற இடங்களிலும் இதே கதை. திருகுத் துளைகளைச் சுற்றி மரம் சாஸர் மாதிரி குழிந்திருந்தது. முன்கட்டையில் நேர்கோடாக ஓட வேண்டிய விளிம்புகள் மழுங்கி உருண்டிருந்தன. உப்புத்தாளைச் சின்ன மரத்துண்டில் சுற்றிப் பொறுமையாகத் தேய்த்தால் விளிம்பு இப்படி உருளாது.

அடுத்தது முத்திரை. பின்கட்டையின் வலப்பக்கத்தில் தயாரிப்பாளரின் வட்ட முத்திரை இருந்தது. மேல்விளிம்பில், பித்தளைத் தகட்டுக்குச் சற்று முன்னால், கட்டையின் நீளத்தைக் குறிக்கும் எழுத்து இருந்தது. முன்கட்டையின் மூக்குப் பகுதிக்கு அடியில் ரைஃபிளின் எண் அடித்திருந்தது. மூன்றும் போய்விட்டன. வட்ட முத்திரை இருந்த இடத்தில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் நிழல் மாதிரி ஏதோ தெரிகிறது, அவ்வளவுதான். சேகரிப்பவர்கள் பழைய ராணுவ ரைஃபிளில் முதலில் தேடுவது இந்த முத்திரைகளைத்தான். எண் பொருந்தும் கட்டைக்கும் பொருந்தாத கட்டைக்கும் மதிப்பில் பெரிய வித்தியாசம் உண்டு. சரி, மதிப்பை விடுங்கள். எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது, எந்த ரைஃபிளோடு சேர்ந்தது என்று அந்த மரத்தில் எழுதியிருந்த ஒரே சான்று அது.

அதே சாய்ந்த வெளிச்சத்தில் வேறொன்றும் தெரிந்தது. படலத்துக்கு அடியில் சின்னச் சின்ன வளையக் கீறல்கள், சுருள் சுருளாக. மரத்தின் இழையோட்டத்தோடு கையால் தேய்த்தால் வளையம் விழ வழியே இல்லை. சுழன்று அதிரும் சாண்டர் மெஷின் விடும் தடம் அது. மேலே அடித்த ஸ்டெயின், அதாவது கரும்பழுப்பு மரச்சாயம், அந்தக் கீறல்களுக்குள் தேங்கி, அவற்றை இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுத்தது.

இனி எண்ணெய் விஷயம். ரசீதில் 'டங் ஆயில்' என்று எழுதியிருந்தது. பராமரிப்புக்கு என்று ஒரு சின்ன பாட்டிலும் தலையில் கட்டினார்கள். லேபிளில் 'டங் ஆயில் ஃபினிஷ்'. இந்த 'ஃபினிஷ்' என்ற ஒட்டு வந்தாலே உஷாராகிவிடுங்கள். டங் ஆயில் என்பது சீனாவைப் பூர்விகமாகக் கொண்ட ஒரு மரத்தின் விதையிலிருந்து பிழியும் எண்ணெய். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவம்கூட லின்சீட்டிலிருந்து இதற்கு மாறியது, அதனால் ரைஃபிள் கட்டை உலகில் அந்தப் பெயருக்கு ஒரு மவுசு. அந்த மவுசில்தான் வியாபாரம் நடக்கிறது. கடைகளில் அந்தப் பெயரில் கிடைக்கும் பல புட்டிகளில் இருப்பது தின்னர் கலந்து நீர்க்கவைத்த வார்னிஷ். பின்பக்கம் பொடி எழுத்தில் பெட்ரோலிய வடிபொருள் என்றோ மினரல் ஸ்பிரிட் என்றோ இருந்தால் அது சுத்த எண்ணெய் இல்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கண்ணாடித் துண்டில் சில சொட்டு விட்டுத் தூசி படாமல் வையுங்கள். சுத்த டங் ஆயில் நிதானமாக, பல நாள் எடுத்துக்கொண்டு காயும். காய்ந்தாலும் மங்கலாகச் சுருங்கி நிற்கும், நகம் வைத்தால் மெத்தென்றிருக்கும். வார்னிஷ் சீக்கிரமே தெளிவாக, வழவழப்பாக, கெட்டியாகிவிடும். பட்டறை கொடுத்த பாட்டில் மறுநாளே கண்ணாடியோடு கண்ணாடியாக இறுகிவிட்டது.

கட்டையில் இருப்பதையும் பார்த்தேன். தெரியாத ஓரத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்தேன். அரக்குப் பாலிஷாக இருந்தால் பிசுபிசுத்திருக்கும், ஒன்றும் ஆகவில்லை. அசிட்டோன் வைத்தேன், லாக்கராக இருந்தால் கரைந்திருக்கும், அதற்கும் அசையவில்லை. எண்ணெய்ப் பாலிஷில் இப்படி ஒரு தனிப் படலமே நிற்காது. மிச்சம் இருப்பது பாலியூரித்தேன். மேஜைக்கு அது நல்ல பொருள், நான் குறை சொல்லவில்லை. ரைஃபிள் கட்டைக்குத் தலைவலி. கீறல் விழுந்தால் வெள்ளைக் கோடாகத் தெரியும், விழுந்த இடத்தில் மட்டும் சரிசெய்ய முடியாது. எண்ணெய் ஊறிய பழைய மரத்தில் சரியாக ஒட்டவும் ஒட்டாது. சுடும்போது குழல் சூடாகும், மரத்துக்குள் ஆழத்தில் இருக்கும் எண்ணெய் மேலே வரும், படலம் கொப்புளிக்கும். என் முன்கட்டையில் முதல் முறை சுட்டதுமே கொப்புளம் வந்தது.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரிந்த அநியாயம். பெரியது உள்ளே இருந்தது.

சுட்டபோது குறி அலைந்தது. அதே ரைஃபிள், அதே குண்டு, முன்பு ஓரிடத்தில் கூடியவை இப்போது காகிதம் முழுக்கத் திரிந்தன. வீட்டுக்கு வந்து, ரைஃபிளுக்குள் குண்டு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, முன்கட்டையைக் கழற்றினேன். குழல் படுக்கும் பள்ளத்தில் பாலிஷும் இல்லை, எண்ணெயும் இல்லை; வெளுத்து, பஞ்சு மாதிரி நார் எழும்பி, தூசியோடு கிடந்தது. வெளியே பூசி உள்ளே பச்சையாக விட்டால், மரம் ஈரத்தை ஒரு பக்கமாக இழுக்கும், முறுக்கும், குழலை எங்காவது ஒரு பக்கம் தள்ளும். இந்த மாடலில் முன்கட்டையின் நுனியில் குழலை மேல்நோக்கி அழுத்த ஒரு குமிழும் ஸ்பிரிங்கும் உண்டு. பாலியூரித்தேன் ஒழுகிப்போய்க் குமிழ் ஓட்டைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குமிழைக் கழற்றாமலே, மேலேயே அடித்திருக்கிறார்கள்.

அந்த வெளுப்பும் பஞ்சுத்தன்மையும் காஸ்டிக் சோடாவின் கையெழுத்து. தொட்டியில் முக்கி எடுத்தால் பழைய எண்ணெயும் அழுக்கும் சுலபமாகக் கழன்றுவிடும், ஆளுக்கு வேலை மிச்சம். ஆனால் அந்தக் காரம் அழுக்கோடு நிற்காது, மர நார்களைப் பிடித்துவைத்திருக்கும் பொருளையும் அரிக்கும். நன்றாக அலசாவிட்டால் உள்ளேயே தங்கும். சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்து மரத்தில் ஒட்டிப் பார்த்தேன், காரம் இருப்பதைக் காட்டி நீலமாக மாறியது.

விரிசல் கதைக்கு வருகிறேன், இந்த மாடல் வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. பின்கட்டையை ரைஃபிளோடு இணைப்பது உள்ளே நீளமாக ஓடும் ஒரு போல்ட். பித்தளைத் தகட்டில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து, நீளமான திருப்புளியை உள்ளே விட்டு அதைத் திருக வேண்டும். அந்த போல்ட்டின் முன்முனை சதுரமாக இருக்கும், முன்கட்டையின் பின்பக்கத்தில் பதித்த ஒரு தகட்டில் போய்ப் பொருந்தும். தானாகக் கழலாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆகவே முன்கட்டையைக் கழற்றிய பிறகுதான் பின்கட்டையின் போல்ட்டைத் தொட வேண்டும். முன்கட்டை இருக்கும்போதே திருகினால் சதுர முனை தகட்டோடு சேர்ந்து சுழல முயன்று முன்கட்டையின் பின்முனையைப் பிளந்துவிடும். இந்த ரைஃபிளைப் பற்றிக் கற்றுக்கொள்கிற முதல் பாடங்களில் ஒன்று இது. என் முன்கட்டை சரியாக அந்த இடத்தில் பிளந்திருந்தது. விரிசலில் மரத்தூளும் பசையும் குழைத்த மக்கை அடைத்து, மேலே ஸ்டெயின் அடித்திருந்தார்கள். மரத்தின் இழைக்கோடு அந்த இடத்துக்கு வந்ததும் சட்டென்று நின்றுபோகும், அப்பால் மறுபடி தொடரும். அப்படித்தான் மக்கைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பிளந்த இடம் சாதாரண இடமும் அல்ல. சுடும்போது ரைஃபிள் பின்னால் உதைக்கும் விசையை முன்கட்டைக்குள் இருக்கும் இரண்டு சிறிய தாங்குமுகங்கள் வாங்கிக்கொள்கின்றன. அவை இரும்போடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். இடைவெளி விழுந்தால் ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு மரத்தைச் சுத்தியல் மாதிரி அடிக்கும், விரிசல் வளரும். பட்டறையில் அந்த முகங்களையும் உப்புத்தாளால் 'சுத்தம்' செய்திருந்தார்கள்.

தொலைபேசியில் பேசினேன். "சார், பழைய மரம்னா அப்படித்தான். அந்தக் கிராக் முன்னாடியே இருந்துச்சு" என்றார் உரிமையாளர்.

"இல்லையே, கொடுத்த அன்னைக்கு எடுத்த படம் இருக்கு. அனுப்பவா?"

கொஞ்சம் இடைவெளி. அப்புறம், "கொண்டு வாங்க சார், இலவசமா மறுபடி தேய்ச்சு அடிச்சுத் தர்றோம்."

மறுபடி தேய்ப்பதாம்! மரம் குறைந்ததுதான் பிரச்சினை, அதற்கு மருந்து இன்னும் குறைப்பது. இலவச மறுவேலை என்று யாராவது சொன்னால் என்ன செய்வார்கள் என்று கேட்காமல் கட்டையைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். முத்திரை போனதைச் சொன்னேன். அதற்கு வந்த பதில்தான் என்னை உண்மையில் அதிரவைத்தது: "அதுக்கென்ன சார், அச்சு இருக்கு. புதுசா அடிச்சுத் தர்றோம், வித்தியாசமே தெரியாது."

இதை நிறுத்திப் படியுங்கள். அசல் முத்திரையை அழித்துவிட்டுப் போலி முத்திரை அடித்துத் தருவதாக ஒரு பட்டறை கூச்சமில்லாமல் சொல்கிறது. நான் ஒத்துக்கொண்டிருந்தால், என்றாவது அந்த ரைஃபிளை வாங்கும் ஒருவர் ஏமாந்திருப்பார். விற்பனைக்கு வரும் பழைய ரைஃபிள்களில் மரம் புத்தம் புதிதாக, முத்திரை மட்டும் கூர்மையாக இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். உண்மையில் பழைய முத்திரை என்றால் அதன் விளிம்பும் மரத்தோடு சேர்ந்து தேய்ந்திருக்க வேண்டும்.

கடைசியில் எண்ணெய்ப் பாலிஷுக்கு என்று வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுத்தார்கள். கூலி வரவில்லை. விரிசலுக்குப் பொறுப்பும் ஏற்கவில்லை.

மீதியை வீட்டில் நானே செய்தேன். செய்யும்போது ஒன்று புரிந்தது: பட்டறை செய்வதாகச் சொன்ன வேலை அப்படி ஒன்றும் அபூர்வ வித்தை இல்லை, பொறுமைதான் முக்கால்வாசி. பாலியூரித்தேனை உரிக்கப் பென்சைல் ஆல்கஹால் அடிப்படையிலான மெதுவான ஸ்ட்ரிப்பரைப் பூசி, பிளாஸ்டிக் தாள் சுற்றி ஊறவைத்து, ஸ்கிரேப்பரால் வழித்தேன். வேகமாக உரிக்கும் பழைய வகை, மெத்திலீன் குளோரைடு கலந்தது, வேண்டவே வேண்டாம். மூடிய இடத்தில் அதைப் பயன்படுத்தி உயிரிழந்தவர்கள் உண்டு. 2019இல் அமெரிக்காவில் பெயின்ட் உரிக்கும் அந்த வகையைப் பொதுமக்களுக்கு விற்கவே தடை போட்டார்கள். உப்புத்தாள் நான் ஏறக்குறைய தொடவே இல்லை.

உள்ளே தங்கிய காரத்துக்கு நீர்த்த வினிகரால் துடைத்து, வெறும் நீரால் அலசி, நிழலில் மெதுவாக உலர்த்தி, லிட்மஸ் நிறம் மாறுவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்தேன். ஈரம் இருக்கும்போது ஸ்டீல் வூல் பக்கம் போகாதீர்கள். வால்நட்டில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்புத் துணுக்கும் ஈரமும் சேர்ந்தால் கறுப்புக் கறை விழும். அமுக்குப் பள்ளங்களைப் பட்டறை தேய்த்துத்தான் போக்கப் பார்த்திருக்கிறது. ஈரத்துணியை மேலே வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையால் அழுத்தினால் நீராவி இறங்கி, அமுங்கிய நார் தானே உப்பி எழும். நார் அறுபட்டுப்போன வெட்டுக்காயம் மட்டும் எழாது. காரத்தில் ஊறிப் பஞ்சான இடங்கள் முழுசாகத் திரும்பவில்லை, மேலே எழும்பிய நாரை உலர்ந்த பிறகு லேசாக நீவிவிட்டதோடு சரி.

விரிசலில் இருந்த மக்கைத் தோண்டி எடுத்து, மெதுவாக இறுகும் எபாக்ஸிப் பசையை உள்ளே ஓடவிட்டு, குறுக்கே பித்தளை ஊசி ஒன்று பதித்தேன். தாங்குமுகங்களில் கடின மரத்தில் சின்ன ஒட்டுத்துண்டு வைத்து, இரும்பில் விளக்குக் கரி பூசிப் பொருத்தி, கரி ஒட்டிய இடத்தை மட்டும் சீவிச் சீவி, முகம் முழுதும் கரி படும்வரை இழைத்தேன். இந்த ஒரு வேலைதான் கையை நடுங்கவைத்தது.

கடைசியில் லின்சீட். சுத்தமான ரா லின்சீட் காய ரொம்ப நாள் எடுக்கும். 'பாயில்டு' என்று விற்பது பெயருக்குத்தான் கொதித்தது, சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் கலந்திருக்கும். எதுவானாலும் மெல்லியதாகப் பூசி, ஊறியது போக மிச்சத்தைத் துடைத்து, காயவிட்டுத்தான் அடுத்தது. உள்பள்ளத்துக்கும், பித்தளைத் தகட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் வெட்டுமுனைக்கும் வெளியே போட்டதைவிட அதிகம் போட்டேன், ஈரம் அங்கேதான் குடிக்கும். துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். லின்சீட் காயும்போது சூடாகும், கசங்கிக் கிடக்கும் துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும்.

குறி அலைவது நின்றது. நிறமும் ஓரளவு வந்துவிட்டது. பித்தளை இன்னும் துருத்திக்கொண்டுதான் இருக்கிறது, முத்திரை இனி வராது.

வெளியே கொடுத்தே ஆகவேண்டும் என்றால், பேச்சை நம்பாமல் ரசீதில் எழுதி வாங்குங்கள்: மெஷின் தேய்ப்பு கிடையாது, தொட்டியில் முக்குவது கிடையாது, முத்திரை உள்ள இடத்தில் உப்புத்தாள் படக்கூடாது, உள்பக்கமும் பூச வேண்டும், போடும் எண்ணெயின் பிராண்டும் வகையும் இன்னது. நேர்மையான ஆள் இதற்கு முகம் சுளிக்க மாட்டார், 'இந்தக் கறை போகாது, இந்தப் பள்ளம் முழுசா எழாது' என்று அவரே முதலில் சொல்வார். 'புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்' என்று ஆரம்பிப்பவரிடம் கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கழற்றத் தெரிந்தால் மரத்தை மட்டும் கொடுங்கள். பல நாடுகளில் எண் பொறித்த ஆக்ஷன் பகுதிதான், அதாவது குண்டை ஏற்றிச் சுடும் இரும்புப் பாகம்தான், சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி, அது உங்கள் பூட்டுக்குள் இருப்பதே உத்தமம். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஒன்று பாக்கி. அந்தப் பட்டறை என் ரைஃபிளின் படத்தையே தங்கள் வேலைக்கு மாதிரியாக விளம்பரத்தில் போட்டிருக்கிறது. எடுக்கச் சொல்லி எழுதினேன், பதில் இல்லை. நல்ல வெளிச்சத்தில், தூரத்திலிருந்து, இடப்பக்கம் மட்டும் தெரியும்படி எடுத்த படம். இப்படிப்பட்ட படங்களைக் காட்டி யாராவது வேலை பிடிக்க வந்தால், வலப்பக்கத்தையும், பித்தளை விளிம்பைக் கிட்டத்தில் எடுத்ததையும், முன்கட்டையைக் கழற்றி உள்பக்கம் எடுத்ததையும் அனுப்பச் சொல்லுங்கள். வேலைக்கு முன் எடுத்த படத்தையும் கூடவே கேளுங்கள்.